டக்ளஸ் வீட்டுப் பத்திரம்

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தறவாட்டில் (மலையாளக் கூட்டுக் குடும்பத்தில்) அந்தக் காலத்தில் மாமன் சொத்து மருமகனுக்குத்தான். ஸ்காட்லாந்து வீரர் ஜேம்ஸ் டக்ளஸ் சொத்தும் மகன் ஆர்ச்சிபால்டை விட்டுவிட்டுத் தம்பி மகனுக்குப் போனதாமே, அங்கேயும் மருமக்கத்தாயமா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இல்லை அம்மணி. மருமக்கத்தாயம் என்றால் அக்கா, தங்கை பிள்ளைக்குப் போக வேண்டும். இது சுத்தமான பங்காளிக் கணக்கு.

ஜேம்ஸ் 1330-ல் ஸ்பெயினில் தேபா என்ற இடத்தில் செத்தார், செத்துப்போன மன்னர் ராபர்ட் புரூஸின் இதயத்தை ஒரு வெள்ளிச் சிமிழில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சண்டைக்குப் போனவர். சொத்து மூத்த மகன் வில்லியமுக்குத்தான் வந்தது. மூன்றே வருஷத்தில் ஹாலிடன் ஹில் போரில் அவரும் போனார், அதே களத்தில் ஜேம்ஸின் தம்பியும் போனார். மிச்சம் இன்னொரு தம்பி ஹியூ, கிளாஸ்கோ தேவாலயத்துப் பாதிரியார், ஊர் வைத்த பேர் 'மக்கு ஹியூ'. (இந்தத் தம்பிகள் சித்தி, அதாவது அப்பாவின் இரண்டாவது மனைவி, பெற்ற பிள்ளைகள். அந்தச் சித்தி ஒரு விதவை, ஜேம்ஸின் அப்பா தூக்கிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டவர், அது தனிக் கதை.) ஹியூ 1342-ல் எல்லாவற்றையும் செத்த தம்பியின் மகனுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கிவிட்டார். 1358-ல் முதல் டக்ளஸ் ஏர்ல் (பிரபுப் பட்டம்) ஆனது இந்தப் பையன்தான், இவர் பேரும் வில்லியம்.

சுவாரசியமே அந்த 1342 பத்திரத்தில்தான் இருக்கிறது. வில்லியமுக்கு ஆண் வாரிசு அற்றுப்போனால் லிடெஸ்டேல் சீமைப் பங்காளி ஒருவருக்கு, அங்கேயும் அற்றுப்போனால் நீங்கள் சொன்ன ஆர்ச்சிபால்டுக்கு என்று வரிசை போட்டிருந்தார்கள். ஆர்ச்சிபால்டு, ஜேம்ஸுக்குக் கல்யாணம் ஆகாத உறவில் பிறந்தவர், அதனால்தான் கடைசி இடம். லிடெஸ்டேல்காரரை 1353-ல் வில்லியமே கொன்றுவிட்டார். வில்லியமின் மகன் 1388-ல் ஆட்டர்பர்ன் போரில் முறையான ஆண்பிள்ளை இல்லாமல் செத்தார். ஆக, பத்திரத்தின் வாலில் இருந்த பேர் தலைக்கு வந்தது, 58 வருஷம் கழித்து ஜேம்ஸின் சொந்த ரத்தத்துக்கே ஏர்ல் பட்டம் வந்து சேர்ந்தது.

செத்த ஏர்லுக்கு இசபெல் என்று ஒரு சகோதரி இருந்தாள். அவள் புருஷன் உரிமை கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. ஆனால் அம்மா வழியில் வந்த 'மார்' என்ற சீமை இசபெல்லுக்குத்தான் வந்தது. உங்கள் தறவாட்டு வழக்கத்துக்குக் கொஞ்சமாவது கிட்டே வருவது அது ஒன்றுதான்.