ஒரே பயிரை நெருக்கி நட்டால் விளைச்சல் ஏன் பிந்துகிறது?

வாசகர் கேள்வி – பதில்

எல்லாமே கனசதுரக் கட்டங்களால் ஆன மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் நண்பர்களுடன் சேர்ந்து பயிர் செய்வது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். நேரக் கணக்குகள் யாவும் கணினியில் விளையாடும் ஜாவா பதிப்புக்கு உரியவை. கைத்தொலைபேசியில் உள்ள பெட்ராக் பதிப்பில் வேகம் வேறுபடலாம்; மண், நீர், ஒளி பற்றிய விதிகள் பெரும்பாலும் ஒன்றே.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் ஒரே சேர்வரில் விளையாடுகிறோம். ஒன்பதுக்கு ஒன்பது அளவில் நிலத்தைக் கொத்தி, நடுவில் நீர் விட்டு, முழுவதும் கோதுமை விதைத்தோம். விளைவதற்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் கரட்டும் உருளைக்கிழங்கும் நட்ட தோழியின் நிலம் எங்களுக்கு வெகு முன்பே விளைந்துவிடுகிறது. எங்கே பிழை விட்டோம்?
– உயர்தர மாணவர், கந்தப்பளை

பதில்: நீர் விட்டதில் பிழையில்லை. ஒரு கட்டம் நீர் நான்கு பக்கமும் நான்கு கட்டத் தூரம் வரை, மூலைகள் உட்பட, மண்ணை ஈரமாக வைத்திருக்கும். ஆகவே ஒன்பதுக்கு ஒன்பது நிலத்தின் நடுவில் ஒரேயொரு நீர்க்கட்டம் போதும். மிகுதி 80 கட்டங்களிலும் நடலாம். உங்கள் தாமதத்துக்குக் காரணம் நிலம் முழுவதும் ஒரே பயிரை இட்டதுதான்.

பயிர் எப்படி வளர்கிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். விளையாட்டு ஒரு செக்கனை 20 துடிப்புகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும், நீளம், அகலம், உயரம் மூன்றும் 16 கட்டங்களாக உள்ள ஒவ்வொரு பகுதியிலிருந்தும் 3 கட்டங்களை எழுந்தமானமாகத் தெரிவு செய்கிறது. அப்பகுதியில் 4096 கட்டங்கள் இருப்பதால், உங்கள் செடி ஒன்றுக்கு இந்த அழைப்பு சராசரியாக 68 செக்கன்களுக்கு ஒருமுறை வருகிறது. அழைப்பு வந்தவுடனேயே செடி வளர்ந்துவிடுவதில்லை. வளருமா என்பதை அதன் சுற்றுப்புறம் தீர்மானிக்கிறது. செடியின் அடியில் உள்ள மண் ஈரமாக இருந்தால் 4 புள்ளிகள். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் கொத்திய ஈரமண் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.75 புள்ளி. எல்லாம் சேர்ந்தால் 10 புள்ளிகள். 25ஐ இந்த எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்றைக் கூட்டினால் 3 வரும்; அதாவது ஒவ்வோர் அழைப்பிலும் மூன்றில் ஒரு வாய்ப்பு. ஆனால் ஒரு செடியின் மூலைக் கட்டத்தில் அதே பயிர் இருந்தாலோ, கிழக்கு மேற்காகவும் வடக்குத் தெற்காகவும் இரு திசைகளிலும் அதே பயிர் இருந்தாலோ புள்ளிகள் பாதியாகக் குறைக்கப்படுகின்றன. 10 என்பது 5 ஆகும்போது வாய்ப்பு ஆறில் ஒன்றாகிவிடுகிறது. விதையிலிருந்து அறுவடை வரை கோதுமை ஏழு முறை வளர வேண்டும். நன்றாக நட்ட நிலத்தில் அதற்குச் சராசரியாக 24 நிமிடங்கள் போதும். உங்கள் நிலத்தில் 48 நிமிடங்கள் ஆகும். நீங்கள் எழுதிய முக்கால் மணித்தியாலம் இந்தக் கணக்குடன் பொருந்திவருகிறது.

தோழி நட்டது போல வரிசைக்கு வரிசை பயிரை மாற்றுங்கள். ஒரு வரிசை கரட், அடுத்தது உருளைக்கிழங்கு, மறுபடியும் கரட் என்று இட்டால், ஒரு வரிசைக்குள் ஒரே பயிர் தொடர்ந்தாலும் மூலைகளிலும் வரிசைக்குக் குறுக்கான திசையிலும் வேறு பயிரே இருக்கும். ஓர வரிசைகளுக்கு ஐந்து அயல் கட்டங்கள் மட்டுமே இருப்பதால் அவற்றின் வாய்ப்பு நான்கில் ஒன்றாகக் குறையும். அதைச் சரிசெய்ய விரும்பினால் விளிம்பு வரிசையைக் கொத்தி ஈரமாக மட்டும் வைத்து, நடாமல் விடலாம். ஆனால் 80 கட்டங்களில் 32ஐ அதற்குக் கொடுப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை.

கோதுமையை விட்டுக் கரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாறும்படி நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோதுமைச் செடி ஒன்று ஒரேயொரு கோதுமையைத்தான் தரும். கரட்டும் உருளைக்கிழங்கும் செடிக்கு 2 முதல் 5 வரை தரும். மறுநடுகைக்கு ஒன்றை எடுத்து வைத்தாலும் சராசரியாக இரண்டரைக்கு மேல் கையில் மிஞ்சும். விளையாட்டில் வரும் கிராமத்து விவசாயி, அங்கே பணமாகப் புழங்கும் மரகதம் ஒன்றுக்கு 20 கோதுமை, 22 கரட் அல்லது 26 உருளைக்கிழங்கு கேட்பார். உங்கள் 80 கட்டக் கோதுமைக்கு 4 மரகதங்கள் கிடைக்கும். அதே நிலத்தில் பாதி கரட்டும் பாதி உருளைக்கிழங்கும் நட்டால் ஏறக்குறைய 8 கிடைக்கும், அதுவும் பாதி நேரத்தில். விவசாயி நீங்கள் விரும்பும் பயிரை வாங்க மறுத்தால், அவருடன் முதல் வியாபாரம் செய்வதற்கு முன் அவருடைய கூட்டெருப் பெட்டியை (அவருக்கு விவசாயித் தொழிலைத் தரும் பெட்டி) உடைத்து மீண்டும் வையுங்கள். கேட்கும் பொருட்கள் மாறும்.

கேள்வி: மாலையில் நட்டுவிட்டு அடுத்த நாள் பாடசாலை முடிந்து வந்து பார்த்தால் பயிர் நட்டபடியே இருக்கிறது. சேர்வர் இரவு முழுவதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் இல்லாதபோது பயிர் வளராதா?
– தரம் 10 மாணவி, மஸ்கெலியா

பதில்: நீங்கள் இல்லாவிட்டாலும் வளரும், ஆனால் அருகில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும். மேலே சொன்ன எழுந்தமான அழைப்பு, ஏதேனும் ஒரு விளையாட்டாளரிடமிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் நிலத்துக்கு மட்டுமே போகும். சேர்வரை நடத்துபவர் கணிப்புத் தூரத்தை, அதாவது விளையாட்டாளரைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை உலகம் இயங்கும் என்ற அளவை, குறைத்திருந்தால் இந்த எல்லை இன்னும் சுருங்கும். யாரும் அருகில் இல்லாத வயலுக்கு நேரம் நகர்வதே இல்லை.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுடன் நானும் ஒரு சேர்வரில் விளையாடியபோது இதை அறியாமல் மூன்று மாலைகளை வீணாக்கினோம். வீடு ஆற்றுக்கு இக்கரையில். சமதரையாக இருக்கிறதென்று வயலை அக்கரையில் முந்நூறு கட்டங்களுக்கு அப்பால் அமைத்தோம். நடுவோம், வீட்டுக்குத் திரும்பிச் சுரங்கம் தோண்டுவோம், போய்ப் பார்த்தால் முளை அப்படியே நிற்கும். பிள்ளைகளின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வயலை வீட்டின் பின்புறத்துக்கு மாற்றிய அன்றே, சுரங்கத்தில் வேலை முடித்து மேலே ஏறியபோது அறுவடை காத்திருந்தது.

ஆகையால் கூட்டாக விளையாடுபவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதிக நேரம் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான். சுரங்க வாய், களஞ்சியம், வியாபாரக் கிராமம் ஆகியவை இருக்கும் இடத்தை ஒட்டி வயலை அமையுங்கள். இடம் போதாவிட்டால் வயல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். அந்த எல்லை கிடைத் தூரத்தில்தான் அளக்கப்படுகிறது. மூடிய தளங்களில் மட்டும் செடியருகே ஒளி 9 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். தீப்பந்தம் 14 அளவில் ஒளி தந்து கட்டத்துக்கு ஒன்றாகக் குறைவதால், ஐந்து கட்டத் தூரம் வரை அதை நம்பலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். கட்டிலில் படுத்து இரவைக் கடத்தினால் பயிரும் அந்த இரவுக்குரிய அளவு வளர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வானத்தின் பொழுது மட்டுமே மாறுகிறது, பயிருக்கு ஒரு துடிப்பும் கூடுவதில்லை. அடுத்து, நண்பர் ஒருவரின் கைத்தொலைபேசியில் திறந்த உலகில் நீங்கள் விளையாடினால், அவர் வெளியேறியதும் அந்த உலகே மூடப்பட்டுவிடும்; அங்கு இரவுப் பயிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. டேட்டாவுக்குக் காசு போட்டு இரவெல்லாம் தொலைபேசியைத் திறந்து வைப்பதைக் காட்டிலும், அரை மணித்தியாலம் சேர்ந்து விளையாடும் நேரத்திலேயே நட்டு அறுப்பது மேல்.

கேள்வி: எலும்புத்தூளைப் பசளையாக இட்டால் விரைவாக விளையும் என்கிறார்கள். விதைகளைக் கூட்டெருப் பெட்டியில் போட்டு அதைத் தயாரிப்பது இலாபமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: எலும்புத்தூள் ஒருமுறைக்கு 2 முதல் 5 படிகள் வரை கோதுமையையும் கரட்டையும் உயர்த்தும். ஆனால் கோதுமை விதை ஒன்று பெட்டியை ஒரு படி நிரப்புவதற்கு 30 வீத வாய்ப்புத்தான் உண்டு. பெட்டி பல படிகள் நிரம்பினால்தான் ஒரு தூள் கிடைக்கும் என்பதால், ஒரு தூளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட விதைகள் செலவாகும். மிஞ்சிய விதைகளை மட்டும் போடுங்கள். முதல் பயிருக்கு விதைக் கிழங்கைப் பெருக்க வேண்டிய நாளில் தூள் உதவும்; 80 கட்ட நிலத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: நான் மரக்கறிச் செய்கையாளன். என் மகன் விளையாட்டில் உருளைக்கிழங்கையும் கரட்டையும் மாற்றி மாற்றி நடுவதைப் பார்த்தேன். நாங்கள் போகத்துக்குப் போகம் பயிரை மாற்றுகிறோமே, அதைத்தான் இந்த விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறதா?
– தந்தை ஒருவர், இராகலை

பதில்: உங்கள் கேள்வியைப் படித்து உண்மையிலேயே மகிழ்ந்தேன், ஐயா. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு. உருளைக்கிழங்கை ஒரே நிலத்தில் தொடர்ந்து நட்டால் வாடல் நோயை உண்டாக்கும் பற்றீரியா மண்ணிலேயே தங்கிப் பெருகும். அதனால் நீங்கள் காலத்தால் பயிரை மாற்றுகிறீர்கள், கிழங்குக்குப் பின் கரட்டோ லீக்ஸோ கோவாவோ போடுகிறீர்கள். விளையாட்டில் நோயும் இல்லை, மண் சோர்வும் இல்லை. அங்கே மாற்றம் இடத்தால் மட்டுமே; ஒரே வரிசையில் நூறு முறை உருளைக்கிழங்கு நட்டாலும் விளைச்சல் குறையாது. இந்த வேறுபாட்டை மகனுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் நிலத்தில் நின்று அறிந்தவர் நீங்கள்.

உங்கள் அனுபவம் அவருக்கு நேரடியாகப் பயன்படும் இடமும் உண்டு. கரட்டும் உருளைக்கிழங்கும் 2012இல் வந்த 1.4 பதிப்பில் சேர்ந்தவை; பீட்ரூட் பின்னர் வந்தது. நுவரெலியாப் பக்கம் விளையும் மூன்று மரக்கறிகளையும் மலைச்சரிவிலேயே நட அவர் விரும்பினால், படிகளாக வெட்டச் சொல்லுங்கள். நீர் தன் மட்டத்தில் உள்ள மண்ணை மட்டுமன்றி ஒரு கட்டம் கீழே உள்ள படியையும் நனைக்கும். எனவே மேற்படியில் ஓடும் ஒரு கானால் இரண்டு படிகளைப் பயிர் செய்யலாம். பனி பெய்யும் குளிர்ப் பகுதியில் வானுக்குத் திறந்திருக்கும் நீர் உறைந்துவிடும், மண்ணும் காய்ந்துவிடும். நீர்க்கட்டத்தின் மேல் ஓர் அரைப் பலகை வைத்து மூடினால் உறையாது.

கேள்வி: எங்கள் சேர்வரில் வருகிறவர்கள் வயலுக்குள் துள்ளித் திரிந்து மண்ணைக் கெடுத்துவிடுகிறார்கள். நடந்தாலும் மண் கெடுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: நடந்தால் கெடாது; உயரத்திலிருந்து மேலே விழுந்தாலோ துள்ளினாலோதான் கொத்திய மண் சாதாரண மண்ணாகி, செடியும் பிடுங்கப்படும். நடுவில் உள்ள நீர்க்கட்டத்தை மூடிவிட்டால், அதற்குள் விழுந்து துள்ளி ஏறும் தேவை இராது; பெரும்பாலான சேதம் அப்படித்தான் நேர்கிறது. சுற்றி வேலி அடித்து ஒரேயொரு வாயில் வையுங்கள். வாயிலின் உட்புறத் தரையை வயலின் மட்டத்துக்கே அமையுங்கள். படி இறங்கி உள்ளே வர வேண்டிய அமைப்பு இருந்தால், அந்த ஓரத்துச் செடிகள் நாள்தோறும் போய்க்கொண்டே இருக்கும்.