சொந்த அனுபவம் ஒருவருடைய படிப்பை மாற்றுமா?

நிச்சயம் மாற்றும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பையன்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார்.

1912-இல் டாக்டரும் ஆகிவிட்டார். சரி, படிப்பு அத்தோடு முடிந்ததா? இல்லை. தங்கைக்கு வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அது புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தச் சாவு அவரை விடவே இல்லை. அப்புறம் லண்டன் போய்ப் புற்றுநோயைப் பற்றிப் படித்தார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் அவர் அத்தனை உறுதியாக நின்றதற்கும் அம்மா பட்ட பாடுதான் வேர் என்பது என் எண்ணம்.