கவுன்டரில் என்ன கேட்பது: சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோருக்கான கேள்வி பதில்

ஈசூன் வாசகர்: அக்கா, நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அரசாங்க அலுவலகத்தில் அதிகாரி என்னை விட்டுவிட்டு என் மகனிடமே பேசுகிறார். வழக்குப் போடலாமா?

அதற்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. அரசமைப்பின் 12ஆம் பிரிவு எல்லாரும் சமம் என்கிறது. ஆனால் பாகுபாடு கூடாது என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம். உடற்குறை அந்த வரிசையில் இல்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தில் உடற்குறை உண்டு, ஆனால் அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான விவகாரம். உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையை சிங்கப்பூர் 2013ல் ஏற்றது, ஆனால் அதைக் காட்டி நேரே நீதிமன்றம் போக முடியாது.

நடைமுறையில் வேலை நடப்பது கடிதத்தால்தான். அமைச்சுகளிலும் ஆணையங்களிலும் சேவைத் தர மேலாளர் இருப்பார், ‘க்யூஎஸ்எம்’ என்பார்கள். தேதி, நேரம், கவுன்டர் எண், வரிசை எண் நான்கையும் எழுதுங்கள். வரிசைச் சீட்டு வெப்பத்தாள், சீக்கிரம் மங்கிவிடும். அன்றே படம் பிடித்து வையுங்கள். “மரியாதை இல்லை” என்று எழுதினால் வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வரும், அத்தோடு சரி. “என்னிடம் நேரடியாகப் பேச வேண்டும், தாழ்வான கவுன்டர் வேண்டும், இதை என் கோப்பில் குறித்து வையுங்கள்” என்று எழுதினால் யாராவது அதைச் செய்தாக வேண்டும்.

செங்காங்: அப்பாவுக்கு 72 வயது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு வாசல்படி 15 செ.மீ. உயரம். கடைக்காரர் 90 செ.மீ. நீளச் சாய்தளம் போதும் என்கிறார்.

போதாது. அது 6க்கு 1 என்ற சரிவு. ஏறும்போது முன்சக்கரம் தூக்கி, நாற்காலி பின்னால் சாயும். பொதுவாகச் சாய்தளத்துக்கு 12க்கு 1 என்று கணக்கு: 15 × 12 = 180 செ.மீ. உயரம் குறைவாக இருந்தால் இதைவிடச் சற்று செங்குத்தாக இருக்க விதி அனுமதிக்கும். ஆனால் அவரே கையால் தள்ளி ஏறுவதென்றால் 180ஐக் குறைக்காதீர்கள். படியை வெளியேயும் உள்ளேயும் அளந்து பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரமாக இருக்காது. தாழ்வாரத்தில் தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழிவிட வேண்டும். அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இடம் இல்லையென்றால் சுவரோரமாகத் திருப்பிப் போடலாம், அல்லது மடித்து எடுத்து வைக்கும் சாய்தளம்.

கடைக்காரருக்குப் பணம் கொடுக்குமுன் முதியோருக்கு ஏற்றபடி வீட்டை மாற்றித் தரும் வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். 65 வயதானால் தகுதி உண்டு. அன்றாட வேலைக்கே உதவி தேவைப்படுபவருக்கு 60 வயதிலிருந்தே. வீட்டு வகையைப் பொறுத்து சிங்கப்பூரர்களுக்கு 95 விழுக்காடு வரை மானியம்.

தெம்பனிஸ்: பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அரசாங்க இணையச் சேவைகளுக்கான அவருடைய சிங்பாஸ் கணக்கை நானே பயன்படுத்திக்கொள்கிறேன். தப்பா?

தப்புதான் தம்பி. கடவுச்சொல் அம்மாவுக்கு மட்டும் உரியது. பேச்சு போனதால் புத்தி போனதாகாது. மனத்திறன் சட்டப்படி, இல்லையென்று நிரூபிக்கும்வரை திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். படம் காட்டியோ, தலையசைக்கச் சொல்லியோ முடிவெடுக்க உதவவும் வேண்டும். இப்போதே அம்மா ‘எல்பிஏ’ எழுதட்டும். பின்னால் திறன் போனால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம் அது. சான்றளிக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ, மனநல மருத்துவரோ, வழக்கறிஞரோ வேண்டும். அம்மாவை அவர் தனியாகச் சந்திக்கக் கேட்டால் அறைக்கு வெளியே இருங்கள். திறன் போன பிறகு எல்பிஏ எழுத முடியாது. அப்புறம் நீதிமன்றம் போய்ப் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும், அதில் காசும் காலமும் அதிகம்.

உட்லண்ட்ஸ்: எனக்குக் காது கேட்காது. கடிதத்தில் தொலைபேசி எண் மட்டும்தான்.

“பேச முடியாது, மின்னஞ்சலில் பதில் தாருங்கள்” என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். நேர்காணல் என்றால் சைகைமொழி பெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், கட்டணம் யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஜூரோங்: பார்வை இல்லை. வாக்களிக்கும்போது மனைவி கூட வரலாமா?

வாக்குச்சீட்டில் குறியிடும் மறைவிடத்துக்குள் வர முடியாது. வாக்குச்சீட்டின் மேல் வைக்கும் துளைத் தகடு கேளுங்கள், நீங்களே குறியிடலாம். அது சரிப்படாவிட்டால் நீங்கள் சொல்லும் பெயருக்குத் தேர்தல் அதிகாரி குறியிடுவார்.

பொத்தோங் பாசிர்: எந்தப் பேருந்தில் சக்கர நாற்காலி ஏறும்?

2020 டிசம்பரிலிருந்து பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும். நாற்காலி 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும். புதிதாக மோட்டார் நாற்காலி வாங்குபவர்கள் கால் பலகையையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.