பட்டியலில் ‘அறவியல்’ என்று இருந்தால் போதாது

கேள்வி: தத்துவத்தில் ஆய்வு செய்கிறேன். பிளாரன்ஸ் நூலகம் ஒன்று இணையத்தில் ஏற்றியிருக்கும் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கையெழுத்துப்படியின் படங்கள் என்னிடம் உள்ளன. பட்டியலில் ‘அரிஸ்டாட்டில், அறவியல்’ என்று மட்டுமே இருக்கிறது. இது மொழிபெயர்ப்பா, சுருக்கமா, உரையா? எந்த லத்தீன் பிரதியிலிருந்து வந்தது? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதல் வரியைத் தட்டச்சு செய்து தேடத்தான் கை போகும். இந்த நூலுக்கு அது உதவாது. ‘எல்லாக் கலையும் எல்லாக் கல்வியும் ஏதோ ஒரு நன்மையை நாடுகின்றன’ என்ற தொடக்கம் சுருக்கத்திலும் முழு மொழிபெயர்ப்பிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் அளவைப் பாருங்கள். மூலமான ‘நிக்கோமாக்கிய அறவியல்’ பத்துப் பகுதிகள் கொண்டது. அவை எல்லாம் முப்பது நாற்பது தாளில் அடங்கிவிட்டால், கையில் இருப்பது பெரும்பாலும் சுருக்கம். 13ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் என்பவர் அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்த சுருக்கத்தை மருத்துவர் தத்தேயோ அல்தெரொத்தி இத்தாலியில் தந்தார். அந்த நடை அழகில்லை என்று தாந்தே தம் ‘கொன்விவியோ’வில் குறைபட்டார். ஆனாலும் படியெடுப்பது நிற்கவில்லை. 15ஆம் நூற்றாண்டுப் படிகளிலும் அது கிடைக்கும். புருனெத்தோ லத்தீனியின் பிரெஞ்சுக் களஞ்சிய நூலிலும் அறவியல் சுருக்கம் ஒன்று உண்டு. அதன் இத்தாலிய வடிவத்தோடும் ஒப்பிட்டுவிடுங்கள்.

முழு நூல்தான் என்றால் இரண்டாம் வாக்கியத்துக்குப் போங்கள். ராபர்ட் குரோசெட்டெஸ்டின் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் அங்கே வெறும் ‘நன்மை’. லெயனார்தோ புரூனி 1416-17இல் செய்த மொழிபெயர்ப்பில் அது ‘உச்ச நன்மை’ ஆயிற்று. புரூனியின் இத்தகைய சொல்தேர்வுகளுக்காக ஸ்பெயினின் அலோன்சோ தெ கார்த்தகேனா அவரோடு மோதினார். உங்கள் படியில் ‘சொம்மோ பெனே’ (உச்ச நன்மை) என்று வந்தால் புரூனியின் சாயல்; ‘பெனே’ மட்டும் வந்தால் பழையது, அல்லது அந்நூற்றாண்டின் நடுவில் வந்த அர்கிரோபூலோஸ் மொழிபெயர்ப்பு. இன்னொரு சோதனை நான்காம் பகுதியின் கடைசியில், நகைச்சுவை பற்றிய இடத்தில் (அரிஸ்டாட்டில் நூல்களில் இடம் சுட்ட இன்று பயன்படும் பெக்கர் எண் 1128அ) இருக்கிறது. நகைச்சுவைத் திறத்தைக் குறிக்கும் ‘யூத்ரபெலியா’ என்ற கிரேக்கச் சொல் அப்படியே நின்றால் பழைய லத்தீனின் தடம். தாமஸ் அக்குவினாஸ் வழியாகவும் அச்சொல் பரவியிருந்ததால், அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். பெக்கர் எண்கள் 1831 பதிப்பில் பிறந்தவை, படியில் இருக்காது. இயல் பிரிவும் படிக்குப் படி மாறும். எண்ணை விட்டுப் பொருளைப் பிடித்துத்தான் இடத்தைத் தேட வேண்டும்.

உரையா என்பதை அறியப் பேசுபவர் யார் என்று கவனியுங்கள். ‘தத்துவ ஞானி இங்கே சொல்கிறார்’ என்று படர்க்கையில் நகர்ந்தால் உரை. மூலச் சொற்களுக்கு அடிக்கோடோ சிவப்பு மையோ இருப்பதும் துணைச்சான்று. ‘சொயே’, அதாவது நம் ‘அதாவது’, அங்கங்கே வருவதாலேயே உரை ஆகிவிடாது. மொழிபெயர்ப்பாளர்கள் பதவுரையை வாக்கியத்துக்குள்ளேயே செருகுவது வழக்கம்; நம் பொழிப்புரைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

படியின் எழுத்து, வணிகர்கள் பயன்படுத்திய கையெழுத்து நடையாக இருந்தால் படிக்கும் வேகம் குறையும். ‘கோசா’ என்பதில் சி-க்குப் பின் எச் சேர்த்திருப்பார்கள். யு, வி வேறுபாடு கிடையாது. உயிரெழுத்தின் மேல் கோடிட்டால் ‘n’ அல்லது ‘m’ எழுத்து தொக்கி நிற்கிறது. பி-யின் காலில் குறுக்குக் கோடு என்றால் ‘பெர்’. கப்பெல்லியின் சுருக்கெழுத்து அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டல், பழையது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பலர் சறுக்கும் இடம் கடைசித் தாளின் தேதி. பிளாரன்சில் 1750 வரை ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ‘1460 பிப்ரவரி’ என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1461. வெனிஸ் படியானால் ஆண்டு மார்ச் 1இல் தொடங்கும். தான் பார்த்து எழுதிய படியின் தேதியையும் சேர்த்தே நகலெடுத்த எழுத்தர்கள் உண்டு. ஐயம் இருந்தால் தாளின் நீர்க்குறியை, அதாவது தாள் செய்யும்போதே அதில் பதியும் குறியை, 1907இல் வந்த பிரிக்கேயின் தொகுப்போடு ஒப்பிட வேண்டும். சாதாரண ஸ்கேனில் நீர்க்குறி தெரியாது. தாளுக்குப் பின்னிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படம் வேண்டும் என்று தாள் எண்ணோடு நூலகத்துக்கு எழுதுங்கள்.

இவ்வளவும் குறித்துக்கொண்ட பிறகு, வார்விக் பல்கலைக்கழகமும் வார்பர்க் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இத்தாலிய அரிஸ்டாட்டில் தரவுத்தளத்திலும், இத்தாலிய நூலகங்களின் கையெழுத்துப்படிகளுக்கான ‘மனுஸ் ஆன்லைன்’ பட்டியலிலும் தேடுங்கள். அதே பிரதியின் இன்னொரு படி கிடைத்தால், நடுவிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள்.