கேம்பர்ல இலையுதிர் காலம் கழிக்கலாமானு கேட்ட தம்பிக்கு

தம்பி, இங்க கனடாவுல, டொராண்டோ ஸ்காபரோவுல பேஸ்மெண்ட் ரூமுக்கு வாடகை கட்டி முடியல, உள்ளயே படுத்து சமைச்சுக்கிற மாதிரி பழைய கேம்பர் வேன் ஒன்னு வாங்கி செப்டெம்பர்ல இருந்து நவம்பர் முடிய அதுலயே சுத்திக்கிட்டு இருக்கலாமா, இலங்கை மலையகத்துல நானுஓயாவுல பொறந்து வளர்ந்தவனுக்கு குளிர் ஒரு பிரச்சினையானு கேட்டிருந்தீங்க. நானும் தலவாக்கலைப் பக்கம்தான், இங்க வந்து ரொம்ப வருசமாச்சு, இலையுதிர் காலம் வந்தா நானும் வீட்டுக்காரரும் வேனை எடுத்துக்கிட்டு வடக்க கெளம்பிருவோம். அதனால சொல்றேன், அக்டோபர் நடு வரைக்கும் தாராளமா சுத்துங்க, ஆனா வாடகையை மிச்சம் பிடிக்கிறதுக்காக ரூமை மட்டும் விட்றாதீங்க.

ஜனவரி, பெப்ரவரியில உறைபனி விழுந்து நுவரெலியாவுல தேயிலை கருகிப்போறதப் பார்த்த ஆளுக நாம, ராத்திரி ஆறு டிகிரி ஏழு டிகிரினா பயந்துற மாட்டோம். குளிர விட ஈரந்தான் கஷ்டம். தோட்டத்து லயத்து வீட்டுல தகரத்து இடுக்கு வழியா காத்து போய் வரும், வேன்ல எல்லாப் பக்கமும் அடைப்பு. ரெண்டு பேர் விடுற மூச்சு, தேத்தண்ணிக்கு கொதிக்கவச்ச ஆவி, நனைஞ்ச ஜாக்கெட்டு எல்லாம் சேர்ந்து விடியக்காலையில கண்ணாடி பூரா தண்ணியா வழியும், மெத்தையத் தூக்கிப் பார்த்தா பலகை சொதசொதனு இருக்கும், அப்படியே விட்டா கறுப்பா பூஞ்சணம் பூத்துரும். எவ்வளவு குளிரா இருந்தாலும் கூரை வென்ட்ட கொஞ்சம் தெறந்தே வைங்க, மெத்தைக்கு அடியில காத்து போற மாதிரி சட்டம் அடிச்சுக்கோங்க.

இன்னொன்னு, இத நான் கெஞ்சியே கேக்குறேன். அடுப்பங்கரையில குந்திக்கிட்டு குளிர் காய்ஞ்ச பழக்கம் நமக்கெல்லாம் இருக்கு. அத வேனுக்குள்ள கொண்டு வராதீங்க. கேஸ் அடுப்ப எரியவிட்டு சூடு புடிக்கிறது, கரி அடுப்ப உள்ள வைக்கிறது ரெண்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, தூங்கினவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. எரியிறதுக்கு வெளிக்காத்த எடுத்து புகையையும் வெளியிலயே விடுற ஹீட்டர் பூட்டின வேனாப் பார்த்து வாங்குங்க, தலமாட்டுல கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்னு கட்டாயம் இருக்கணும், பேட்டரிய அப்பப்ப பாருங்க. சின்ன டின்ல வர்ற பியூட்டேன் அடுப்ப நம்பிப் போகாதீங்க, பூச்சியம் டிகிரி கிட்ட வந்தா அந்த கேஸ் ஆவியாகாது, அடுப்பு பத்திக்காது. புரொப்பேன்னா அந்தக் கவலை இல்ல, அது மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும்.

அக்டோபர்ல ஏன் நிப்பாட்டச் சொல்றேன்னா, இங்க தேங்ஸ்கிவிங்குங்கிற நன்றி சொல்ற பண்டிகை அக்டோபர் ரெண்டாவது திங்கக்கிழமை, அது முடிஞ்சதும் நிறைய கேம்ப்கிரவுண்டு மூடிருவாங்க, தெறந்திருக்கிற இடத்துலயும் குழாய்த் தண்ணிய நிப்பாட்டிருவாங்க. ராத்திரி உறைய ஆரம்பிச்சா வேனோட தண்ணிக் குழாயும் பம்பும் வெடிச்சுப் போகும், அதுக்கு முன்னாடியே தண்ணிய முழுசா எறக்கிட்டு குழாய் உறையாம இருக்க ஊத்துற ரோஸ் கலர் ஆன்டிஃபிரீஸ் ஓடவிடணும். அப்புறம் இருட்டு. நம்ம ஊருல வருசம் பூரா ஆறு ஆறரைக்கு பொழுது சாயும், இங்க நவம்பர் மொத ஞாயிறு கடிகாரத்த ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வச்ச உடனே அஞ்சு மணிக்கே இருட்டிரும், அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள தனியா நீட்டு ராத்திரி, வெளிய மழை, புதுசா வந்த புள்ளைக்கு அது மனச ரொம்ப அடிக்கும்.

ரூமை விடாதீங்கனு சொன்னதுக்கு காரணம் விலாசம். லைசன்ஸ், ஹெல்த் கார்டு, இன்சூரன்ஸ், பேங்க் எல்லாத்துக்கும் ஒரு விலாசம் வேணும், நம்ம ஒன்டாரியோ மாகாணத்துல விலாசம் மாறினா ஆறு நாளைக்குள்ள அறிவிக்கணும்னு சட்டமே இருக்கு. ஊர் லைசன்ஸும் இங்க குடியேறி 60 நாளைக்குத்தான் செல்லும், அது முடிஞ்சிருந்தா மொதல்ல இங்கத்த லைசன்ஸ எடுங்க.

இவ்வளவு சொன்னதுக்காக போகாம இருந்துறாதீங்க. செப்டெம்பர் கடைசி, அக்டோபர் மொத வாரம் அல்கொன்குயின் காட்டுப் பார்க் பக்கம் 60ஆம் நம்பர் ரோட்டுல போய்ப் பாருங்க, மேப்பிள் மரமெல்லாம் செவந்து மலையே வேற நிறத்துல நிக்கும், காலையில ஏரி மேல மூட்டம் எந்திரிக்கும்போது எனக்கு நம்ம பக்கத்து ஞாபகம் வராம இருந்ததே இல்ல. வார நாள்ல போங்க, சனி ஞாயிறு கூட்டம் தாங்காது, பார்க்குக்கு பாஸ் முன்கூட்டியே ஆன்லைன்ல எடுத்துருங்க. பொழுது சாஞ்சப்புறம் ஓட்டாதீங்க, மூஸ்ங்கிற பெரிய மான் ரோட்டுக்கு வரும், அது ஒசரமான மிருகம், கறுப்பு வேற, லைட்டுல சட்டுனு தெரியாது.

வேன் பார்க்கப் போற அன்னைக்கு சொல்லுங்க தம்பி, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாறேன். கூரை மூலையிலயும் ஜன்னலுக்கு அடியிலயும் தண்ணி எறங்கி அழுகியிருக்கானு அவரு கையால அமுக்கியே பார்த்துச் சொல்லிருவாரு.