சீனிக்கிழங்குக் கொடியில் பிடித்த விதையை விதைக்கலாமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் மணல் நிலத்தில் சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) போடுகிறேன். கிணற்றுத் தண்ணீரில் வருடா வருடம் உப்பு ஏறுகிறது, கிழங்கும் சிறுத்துவிட்டது. இந்தத் தை மாதம் கொடியில் காய் பிடித்தது. உள்ளே கறுப்பு விதை. விதைத்தால் உப்பு தாங்கும் ரகம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கலாம். ஆனால் விதையை நம்பி வயல் முழுக்கப் போட்டுவிடாதீர்கள். சீனிக்கிழங்கில் ஒவ்வொரு விதையும் ஒரு தனி ரகம். குணங்களைச் சுமந்துவரும் குரோமோசோம் நெல்லில் இரண்டு தொகுப்பு. இதில் ஆறு தொகுப்பு, மொத்தம் 90. பெரும்பாலும் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. பக்கத்தில் பூத்த வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்திருக்கும். ஆகவே பிள்ளைகளில் பல, தாயைவிட மட்டமாகவே வரும். தேறும் ஒன்றைக் காப்பாற்றுவது மட்டும் சுலபம்: கொடியை வெட்டி நட்டால் குணம் மாறாது. நாம் சாப்பிடும் வாழையில் விதை கிடைப்பதே அபூர்வம், அதனால்தான் அதில் புது ஒட்டு ரகம் வர அவ்வளவு காலம் ஆகிறது. உங்களுக்கோ விதை கையிலேயே இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

விதைத்தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு ஊறவைத்து, நல்ல தண்ணீரில் நாற்று விடுங்கள். ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு எண் கொடுங்கள். கொடி ஓடியதும் நுனித்தண்டுகளை வெட்டித் தனித்தனி வரிசையாக நடுங்கள், நடுவே உங்கள் பழைய கொடியும் ஒரு வரிசை இருக்கட்டும். இந்தச் சோதனையை ஐப்பசி, கார்த்திகையில் செய்யாதீர்கள். மழை உப்பைக் கழுவிவிடும், எல்லாக் கொடியும் நல்ல கொடியாகத் தெரியும். தையில் நட்டு, வேர் பிடித்தபின் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே பாய்ச்சினால் சித்திரை, வைகாசியில் கிழங்கே பதில் சொல்லிவிடும். மறு வருடமும் அதே கொடி முந்தினால்தான் நம்புங்கள்.

அப்புறம், முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் அளவான மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் வரை இழப்பில்லை. 4-ஐத் தொட்டால் சாதாரண ரகம் பாதி மகசூல்தான் தரும். ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

இந்தப் பருவத்துக்கே வழி வேண்டுமென்றால், திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் 'பூ கிருஷ்ணா' உவரைத் தாங்கும் ரகம், சதை ஊதா நிறம். கொஞ்சம் கொடி வாங்கி உங்கள் வரிசைகளோடு நடுங்கள். அது பூத்தால் அடுத்த விதைக்கு நல்ல தகப்பனும் கிடைத்துவிடும்.