பத்திரிகைக்கு யார் பணம் கொடுப்பது?

அன்புள்ள சார்,

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் பற்றிய கட்டுரையில் அந்த ஊர் இலக்கிய இதழான 'சுர்'ரைப் போகிறபோக்கில் புகழ்ந்திருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். விக்டோரியா ஒகாம்போ என்ற பணக்காரப் பெண்மணி தன் சொத்தைப் போட்டு நடத்திய இதழ் அது. மேட்டுக்குடியின் பொழுதுபோக்கைப் போய் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டுமா? ஸ்பானிய மொழியில் மக்களை நம்பி நடந்த பத்திரிகைகளே கிடையாதா?

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

*

நண்பருக்கு,

பணக்காரப் பெண்மணிதான், சந்தேகமே இல்லை. 1924இல் பெருவுக்குக் கிளம்பிய தாகூர் உடம்பு முடியாமல் புவனோஸ் அய்ரஸில் தங்க நேர்ந்தபோது, நகருக்கு வெளியே வீடு பார்த்துக் குடிவைத்துக் கவனித்துக்கொண்டவர் இவர். 1931இல் 'சுர்' தொடங்கி அதில் சொத்தைக் கரைத்தார். போர்ஹெஸின் 'பியர் மெனார்ட்' கதை 1939இல் அதில்தான் வந்தது. இல்லாத ஓர் எழுத்தாளருக்கு எழுதிய அஞ்சலிக் குறிப்பு மாதிரி இருக்கும் அதை, அடுத்த மாத விற்பனையை நினைத்துக் கவலைப்படும் ஓர் ஆசிரியர் போட்டிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. ஒகாம்போவின் வட்டத்தின் ரசனைதான் இதழின் ரசனையாக இருந்தது என்பதும் உண்மைதான், அந்தக் குற்றச்சாட்டை அர்ஜென்டினாவிலேயே நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மற்றவர்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். 1966இல் பாரிஸிலிருந்து 'முந்தோ நுவேவோ' என்ற ஸ்பானிய மொழி இதழ் வந்தது. மார்க்கேஸின் 'நூறாண்டுத் தனிமை' நாவல் புத்தகமாவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பகுதியை வெளியிட்ட இதழ். அதற்குக் காசு வந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனால் சி.ஐ.ஏ.வில் போய் முட்டும். எதிர்ப்பக்கம் ஹவானாவின் 'காஸா தெ லாஸ் அமெரிக்காஸ்', அது கியூபப் புரட்சி அரசின் நிறுவனம் நடத்துவது. இரண்டிலுமே நல்ல எழுத்து வந்தது என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சங்கடம்.

சரி, மக்களை நம்பிய பத்திரிகை. பெருவின் தலைநகர் லிமாவில் 1926இல் மார்க்ஸியச் சிந்தனையாளர் மரியாத்தெகி தொடங்கிய 'அமௌதா'வைச் சொல்லலாம். காலை இழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடி நடத்தினார், பெருவின் பூர்வகுடி விவசாயிகளின் நிலப் பிரச்சினையையும் ஐரோப்பாவின் புதிய ஓவியத்தையும் ஒரே இதழில் போட்டார். 1927இல் அரசு சில மாதம் மூடிவைத்தது. 1930இல் அவர் இறந்ததும் அதிக நாள் நீடிக்கவில்லை.

உங்கள் கேள்விக்குச் சரியான பதில் மெக்ஸிகோவில் இருக்கிறது. 'எக்ஸெல்சியோர்' அங்கே பெரிய நாளிதழ், ஊழியர்களின் கூட்டுறவு நடத்தியது. ஹூலியோ ஷெரெர் ஆசிரியராக இருந்தபோது அரசை விடாமல் விமர்சித்தது. 1976 ஜூலையில் அதிபர் எச்செவெர்ரியாவின் ஆதரவோடு கூட்டுறவுக்கு உள்ளேயே ஆள் பிடித்து, கூட்டம் போட்டு ஷெரெரை வெளியேற்றினார்கள். கூட்டுறவு என்றால் விலைக்கு வாங்க முடியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், இல்லையா? வெளியே வந்தவர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டி, அதே அதிபர் பதவியில் இருக்கும்போதே, நவம்பரில் 'ப்ரோசெஸோ' வார இதழைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வேகம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அடுத்து வந்த அதிபர் லோபெஸ் போர்த்தியோவும் 1982இல் அதற்குக் கொடுத்துவந்த அரசு விளம்பரங்களை நிறுத்தினார், அடி வாங்குவதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். ப்ரோசெஸோ கடையில் வாங்குபவர்களை வைத்தே தாக்குப்பிடித்தது.

எக்ஸெல்சியோர் சார்பில் 'ப்ளூரால்' என்ற இதழை நடத்திக்கொண்டிருந்தவர் மெக்ஸிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ். 1968இல் மெக்ஸிகோ அரசு மாணவர்களைச் சுட்டதைக் கண்டித்து டெல்லித் தூதர் பதவியை விட்டாரே, அவர்தான். ஷெரெரை வெளியேற்றியதும் அவரும் விலகி, 1976 கடைசியில் 'வுவெல்தா' என்ற சொந்த இதழைத் தொடங்கினார். ஆரம்பப் பணம் எப்படி வந்தது தெரியுமா? ஓவியர் தமாயோ கொடுத்த ஒரு படத்தைக் குலுக்கலில் விட்டார்கள். அப்புறம் போகப்போக பாஸ் தெலெவிஸா என்ற பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தோடு நெருக்கமானார், அதற்காக இடதுசாரிகளிடம் நிறையத் திட்டும் வாங்கினார். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.